மின்விசிறி என்பது யார்

ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுக்கு உருவகம் நடத்தத் தொடங்கி ஏழு வாரம் ஆகியிருந்தது. தமிழ் டீச்சருக்குத் தொண்டை கட்டியதுதான் கண்ட பலன். பாடத்திட்டத்தில் தெளிவாகப் போட்டிருந்தார்கள்: மாணவர் கவிதையைப் படித்து உணர வேண்டும், சொந்தமாக ஒன்று எழுத வேண்டும், அதில் குறைந்தது இரண்டு உருவகம் இருக்க வேண்டும், உருவகம் ஒன்றுக்கு இரண்டு மதிப்பெண். உணர்வதற்கு எத்தனை மதிப்பெண் என்று எங்கும் போடவில்லை. அதனால் டீச்சர் அந்தப் பகுதியை அப்படியே விட்டுவிட்டார்.

மற்றபடி உழைப்பில் குறை சொல்ல முடியாது. பெரிய அட்டை ஒன்றை வாங்கி, ஸ்கெட்ச் பேனாவால் நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் பொருளையும் வலப்பக்கம் அது என்னவாகலாம் என்ற அனுமதியையும் எழுதினார். அம்மா விளக்கு. அப்பா மலை. ஆசிரியர் ஏணி. கல்வி கடல். இப்படி முப்பத்தாறு ஜோடி. பிள்ளைகள் அதை பஸ் நேரம் மாதிரி மனப்பாடம் செய்தார்கள். உவமைக்கும் உருவகத்துக்கும் வித்தியாசம் கேட்டவர்களுக்கு ஒரு சுலப வழியும் வைத்திருந்தார்: ‘போல’ இருந்தால் உவமை, எடுத்துவிட்டால் உருவகம். அவர்களும் ஸ்கேலை வைத்து ‘போல’வை நேராக அடித்துவிட்டு, முடிந்தது டீச்சர் என்று கையைத் தூக்கினார்கள்.

‘என் அப்பா மலை. ஞாயிற்றுக்கிழமை யாராலும் நகர்த்த முடியாது’ என்று ஒருவன் எழுதினான். ‘என் ஆசிரியர் ஏணி. மிதித்து மேலே போவேன்’ என்று ஒருத்தி எழுதினாள், அதுவும் நன்றியோடு. ‘கல்வி கடல். எனக்கு நீச்சல் தெரியாது’ என்று எழுதியவனைப் பார்த்து டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு, இரண்டாவது உருவகம் எங்கே என்று கேட்டு மதிப்பெண்ணைக் குறைத்தார்.

உண்மையில் டீச்சரின் மனசு அந்த அட்டையில் இல்லை. ஆறு வருஷமாக ஒப்பந்தத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் ஒரு கடிதம் வரும், இன்னும் ஓராண்டு நீட்டிக்கப்படுகிறது என்று. நிரந்தர ஆசிரியர்களுக்கு ஆளுக்கொரு இரும்பு அலமாரி உண்டு, பூட்டும் சாவியுமாக. ஒப்பந்தக்காரர்களுக்கு மேஜைக்கு அடியில் கால் வைக்கிற இடம்தான். நாற்பத்திரண்டு நோட்டை ஒரு துணிப்பையில் அடைத்து, காலால் தள்ளித் தள்ளி வைத்து, டீச்சருக்கு முட்டி வலியே வந்துவிட்டது. இந்த வருஷம் ஒரே ஒரு நிரந்தர இடம் வந்திருந்தது. தலைமையாசிரியர் பரிந்துரைக்க வேண்டும், தாளாளர் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை முடிவு. கனவில்கூட டீச்சர் அந்தச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார்.

தலைமையாசிரியர் கவிதைப் பிரியர். தானும் எழுதுவார், யாரும் கேட்காவிட்டாலும் படிப்பார். வாரந்தோறும் திங்கட்கிழமை காலை வணக்கத்தில் ஒரு மாணவர் கவிதையை அவரே மைக்கில் படிப்பது வழக்கம். பாரபட்சம் கூடாதென்று, தமிழ் டீச்சர் கொண்டுவந்து தரும் கட்டிலிருந்து மேடையிலேயே ஒன்றை உருவுவார். டீச்சர் விவரமானவர், நல்லதாகப் பார்த்து நாலைந்தை மேலே வைத்துத்தான் கொடுப்பார். அவர் கையும் மேலேயிருந்துதான் எடுக்கும். இரண்டு வருஷமாக இருவரும் வாய்விட்டுப் பேசாமலே நடத்திவந்த ஏற்பாடு அது.

இன்னொரு வழக்கமும் உண்டு. கவியரங்க பாணியில் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படிப்பார். முதல் முறை சாதாரணமாக. இரண்டாம் முறை கையை நீட்டி, கண்ணைப் பாதி மூடி, கடைசிச் சொல்லை இழுத்து.

அந்தத் திங்கட்கிழமை அவருக்கு என்ன தோன்றியதோ, சீட்டுக்கட்டை வெட்டுகிற மாதிரி நடுவில் விரலை விட்டு ஒரு தாளை உருவினார். மேடைக்குக் கீழே நின்ற டீச்சர் எம்பிப் பார்த்தார். தாளின் பின்பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பெரிய சைபர் தெரிந்தது. தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்திருந்தார்; அவர் பக்கம் எழுத்து மட்டும்தான் இருந்தது, சைபர் தெரியவில்லை. தூரப்பார்வைக்காரர் அவர், கையை நன்றாக நீட்டிப் பிடித்துப் படிக்கத் தொடங்கினார்.

‘எங்கள் வகுப்பில் ஒரு மின்விசிறி.
சத்தம் அதிகம், காற்று குறைவு.
நேர் கீழே இருப்பவர்களுக்கு மட்டும் குளிர்ச்சி.
மூலையில் இருப்பவர்களுக்குச் சத்தம் மட்டும்.
பெரியவர்கள் யாராவது வந்தால் வேகமாகச் சுற்றும்.
போனதும் பழையபடி.
நாங்கள் புகார் சொன்னோம்.
வர்ணம் அடித்தார்கள்.’

இரண்டாவது வரியை இரண்டாம் முறை படிக்கும்போது பத்தாம் வகுப்பு வரிசையில் யாரோ கனைத்தார்கள். ‘பெரியவர்கள் யாராவது வந்தால்’ என்று கையை நீட்டியபோது கனைப்பு சிரிப்பானது. கடைசி வரிக்கு வந்தபோது அவருக்கே ஏதோ உறைத்துவிட்டது. ஆனால் பழக்கதோஷம் விடுமா, ‘வர்ணம் அடித்தார்கள்’ என்று இரண்டாம் முறையும் இழுத்துவிட்டார். போன வாரம்தான் அவர் தலைக்குச் சாயம் அடித்திருந்தார். காலை வெயிலில் அது நீலமாகப் பளபளத்தது. அறுநூறு பிள்ளைகளும் அதைப் பார்த்தார்கள்.

எழுதியவள் கடைசி பெஞ்சில், திறக்காத ஜன்னல் பக்கத்து மூலையில் உட்காருகிறவள். ஆள் சின்னதாக இருப்பதால் வகுப்பில் அவளுக்குப் பொடிசு என்று பெயர். எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவளும் கூடச் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை தலைமையாசிரியர் டீச்சரைத் தன் அறைக்கு அழைத்தார். கதவைச் சாத்தச் சொன்னார். தாள் மேஜைமேல் கிடந்தது. அவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“நீங்கதான் தமிழ் படிச்சவங்க,” என்றார். “சொல்லுங்க. இந்த மின்விசிறி யாரு?”

டீச்சருக்குப் பதில் சொல்வதில் சிரமம் இருக்கவில்லை. மின்விசிறி மின்விசிறிதான் என்றார். சாட்சிக்குத் தாளைத் திருப்பி, தன் கையால் போட்ட சைபரையும் அதன் கீழே ‘உருவகம் எங்கே?’ என்று எழுதியிருந்ததையும் காட்டினார். இந்தப் பெண்ணுக்கு உருவகம் வரவே வராது சார், ஏழு வாரம் சொல்லியும் கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுதுகிறாள், மண்டையில் ஏறவே இல்லை என்றார். சொந்தத் தோல்வியை இத்தனை உற்சாகமாக ஒப்புக்கொண்ட ஆசிரியை அந்தப் பள்ளியில் அதுவரை இருந்ததில்லை. தலைமையாசிரியரின் முகத்தில் ரத்தம் திரும்பியது. இதையே வியாழக்கிழமை தாளாளர் முன்னால் சொல்லுங்கள், அப்படியே எழுத்திலும் கொடுத்துவிடுங்கள், வெள்ளிக்கிழமை விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் டீச்சருக்குக் கால் தரையில் படவில்லை. அவர் கணவர் மிக்ஸி, மோட்டார், மின்விசிறி பழுது பார்க்கிறவர். முன்னறையே பட்டறை. உட்கார இடம் வேண்டுமென்றால் ஒரு மோட்டாரைத் தூக்கிக் கீழே வைக்க வேண்டும். நடந்ததையெல்லாம் சொல்லி, கவிதையையும் படித்துக் காட்டினார். கணவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கல்யாணமான பதினோரு வருஷத்தில் ஒரு கவிதையை அவர் அத்தனை கவனமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“பேரிங் போயிருக்கு,” என்றார். “கண்டன்சரும் வீக். பெயின்ட் அடிச்சு என்ன பிரயோஜனம்? அந்தப் பொண்ணு கரெக்டா சொல்லியிருக்கு. நான் வந்து அரை மணி நேரத்துல முடிச்சுத் தரேன்.”

பெரியவர்கள் வந்தால் வேகமாகச் சுற்றுமாமே, அது எப்படி என்று டீச்சர் கேட்டார். யாராவது ரெகுலேட்டரைக் கடைசிவரை திருகுவார்கள், வேறென்ன என்றார் கணவர். எம்.ஏ. படித்த தனக்குப் பத்து நாளாகப் புரியாத கவிதை பட்டறையில் ஒரே நிமிஷத்தில் புரிந்துபோனதில் டீச்சருக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். இலக்கியம் வேறு, பேரிங் வேறு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வியாழக்கிழமை தாளாளர் வந்தார். பள்ளியை நடத்தும் குடும்பத்தில் மூத்தவர். சத்தம் போடுகிறவர் அல்ல. மெதுவாகப் பேசுவார், எதிரில் இருப்பவர் தானாகக் குனிந்துகொள்வார். டீச்சர் தயாரித்து வைத்ததை மளமளவென்று ஒப்பித்தார். கவிதையில் உருவகமே கிடையாது, அது உண்மையான மின்விசிறி, அது உண்மையாகவே சத்தம் போடுகிறது, காற்று வரவில்லை, யாரையும் குறிக்கவில்லை. தலைமையாசிரியர் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினார்.

தாளாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“அப்ப ஃபேன் கெட்டுப்போயிருக்குன்னு எழுத்துல குடுக்கறீங்க,” என்றார். “போன லீவுலதான் என் மச்சான் எல்லா ஃபேனையும் பாத்து சரி பண்ணாரு.”

தலைமையாசிரியரின் தலை ஆட்டத்தின் நடுவில் நின்றது. டீச்சருக்குத் தலை சுற்றியது. மின்விசிறி என்றால் மச்சான். மின்விசிறி இல்லையென்றால் தலைமையாசிரியர். இரண்டில் எதைச் சொன்னாலும் இரும்பு அலமாரி போயிற்று.

முதலில் சுதாரித்தவர் தலைமையாசிரியர்தான். மூன்று நாளாக மின்விசிறி மின்விசிறிதான் என்று சத்தியம் செய்தவர், கவிதை என்றால் உருவகம் இருக்கத்தானே செய்யும் என்று இழுத்தார். இருக்கும், ஆனால் தான் இல்லை. அப்படியானால் யார் என்று மூவரும் யோசித்தார்கள். கதவருகே டம்ளரோடு நின்ற பியூன்மேல் பார்வை போனது. அவர் பள்ளியில் முப்பது வருஷம் ஓட்டியவர். தனக்குச் சத்தமே கிடையாது என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார். விடுப்பில் இருந்த கணக்கு வாத்தியார் பெயரும் அடிபட்டது. ஆனால் அவர் வகுப்பில் கொட்டாவி விடுகிறவரே தவிரச் சத்தம் போடுகிறவர் அல்ல, பொருந்தவில்லை.

கடைசியில் எழுதியவளையே கேட்டுவிடலாம் என்று பொடிசை அழைத்து வந்தார்கள். அவள் நடுங்கவில்லை. மின்விசிறியைச் சரி செய்யத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நம்பி வந்திருந்தாள், பாவம்.

“அது எங்க கிளாஸ் ஃபேன் சார்,” என்றாள். “வந்து பாத்தீங்கன்னா தெரியும். ரெண்டு நிமிஷம்தான்.”

“ஃபேன்னு எந்த அர்த்தத்துல சொல்றே?” என்றார் தலைமையாசிரியர்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அந்த அறையின் கூரையில் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்ததைக் கைகாட்டினாள்.

“அந்த அர்த்தத்துல சார்.”

மூன்று பெரியவர்களும் அண்ணாந்து பார்த்தார்கள். பத்தடி நடந்து ஏழாம் வகுப்புக்குப் போய் அண்ணாந்து பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தாளாளர் மெதுவாக, இந்தப் பெண்ணின் அப்பா என்ன வேலை செய்கிறார், வரச்சொல்ல முடியுமா என்று கேட்டார். வரச்சொன்னால் என்ன ஆகும் என்பது டீச்சருக்குத் தெரியும். போன வருஷம் ஒரு பையனின் அப்பாவை வரச்சொன்னார்கள். அடுத்த வாரம் அந்தப் பையன் வேறு பள்ளியில் இருந்தான்.

“சார், அது நான்தான்,” என்றார் டீச்சர்.

அதைத் தியாகம் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் பாதி தியாகம், பாதி கணக்கு. பிள்ளையும் தப்பும், தலைமையாசிரியரும் தப்புவார், மச்சானும் தப்புவார். மூன்று பேரைக் காப்பாற்றியவளுக்கு ஒரு அலமாரி தரமாட்டார்களா என்றுதான் அவர் மனசு ஓடியது. அறையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. தாளாளர் முதல் முறையாகச் சிரித்தார். தலைமையாசிரியர் பேனாவைத் திறந்து, வரிவாரியாக விளக்கம் சொல்லுங்கள், பதிவு செய்துவிடலாம் என்றார்.

பொடிசு மட்டும் பதறிப்போனாள். டீச்சர் இல்லை சார், ஃபேன் சார் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நல்ல வளர்ப்பு, ஆசிரியரைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்கிறது என்று தாளாளர் மெச்சி, அவளை வகுப்புக்கு அனுப்பிவிட்டார்.

டீச்சர் விளக்கவுரை சொல்லத் தொடங்கினார். பொருள் விளக்குவது என்று வந்துவிட்டால் அவருக்கு நாக்கு தானாக ஓடும். சத்தம் அதிகம், காற்று குறைவு: ஆசிரியை உரக்கப் பேசுவார், மாணவருக்கு விளங்குவது சொற்பம். தலைமையாசிரியர் எழுதினார். நேர் கீழே இருப்பவர்களுக்கு மட்டும் குளிர்ச்சி: முதல் மூன்று பெஞ்சுக்காரர்களிடமே ஆசிரியை கேள்வி கேட்பார், அவர்களையே பாராட்டுவார். அதுவும் எழுதப்பட்டது.

மூலைக்கு வந்ததும் டீச்சருக்கு நாக்கு நின்றது. ஏழு வாரத்தில் பொடிசின் குரலை வகுப்பில் எப்போது கேட்டோம் என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. சற்று முன் அவள் பேசியபோது, இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு கணீரென்ற குரலா என்று ஆச்சரியப்பட்டது மட்டும் நினைவுக்கு வந்தது. பெரியவர்கள் யாராவது வந்தால் வேகமாகச் சுற்றும். அதிகாரி பார்வையிட வந்த அன்று தான் பாட்டுப் பாடி, படம் காட்டி, பிள்ளைகளைக் கைதட்ட வைத்து நடத்திய பாடமும், மறுநாள் நாற்காலியில் சாய்ந்தபடி எட்டாம் பக்கத்தைப் பார்த்து எழுதச் சொன்னதும் கண்முன்னால் வந்தன. பொய் சாட்சி சொல்லத்தான் அவர் வாயைத் திறந்திருந்தார். வரிக்கு வரி அது உண்மையாகிக்கொண்டு போனது. டீச்சருக்கு வெட்கமாக இருந்தது, ஓடி ஒளிய வேண்டும் போல வெட்கம்.

“அடுத்த வரி?” என்றார் தலைமையாசிரியர், பேனாவைத் தூக்கியபடி.

மீதியையும் சொல்லி முடித்து, டீச்சர் கீழே கையெழுத்துப் போட்டார்; மற்ற இருவரும் சாட்சிக்குப் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. இன்னும் ஓராண்டு நீட்டிக்கப்படுகிறது. நிரந்தரப் பணியிடத்துக்கு இவரைப் பரிசீலிக்க இயலவில்லை. காரணம், மாணவர் தரப்பிலிருந்து வந்த, ஆசிரியையே ஒப்புக்கொண்ட, இணைப்பில் காணும் குறைகள். இணைப்பாக அவருடைய விளக்கவுரையே இருந்தது, எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாமல். நிரந்தர இடம் தாளாளருக்கு ஏதோ ஒரு வழியில் உறவான ஓவிய ஆசிரியருக்குப் போனது. தலைமையாசிரியர் வராந்தாவில் டீச்சரைப் பார்த்ததும், பெரிய மனசு உங்களுக்கு என்று நெகிழ்ந்தார். சரி, அந்த மின்விசிறியையாவது என் வீட்டுக்காரர் வந்து சும்மா சரி செய்து தரட்டுமா என்று டீச்சர் கேட்டார். தலைமையாசிரியர் அதிர்ந்துபோனார். மின்விசிறியில் கோளாறு இல்லை, அது உருவகம் என்று மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், இப்போது ரிப்பேர் செய்தால் பதிவு பொய்யாகிவிடாதா என்றார்.

சைபரையும் திருத்த வேண்டியதாயிற்று. கவிதை முழுவதும் ஒரே உருவகம் என்று முடிவானதால் பொடிசுக்கு முழு மதிப்பெண். அதோடு, பள்ளிகளுக்கிடையேயான போட்டிக்கும் அவள் பெயரையே கொடுத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை மதியம், வகுப்பு காலியாக இருந்த நேரத்தில், பொடிசு டீச்சரின் மேஜைக்கு வந்து நின்றாள். டீச்சர் துணிப்பையைக் காலால் தள்ளிவிட்டு நிமிர்ந்தார். பள்ளியில் பிள்ளைகளுக்குத் தெரியாத ரகசியம் ஏது, அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அழுதிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. போட்டிக்குத் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள், தனக்கு உருவகம் வராது என்றாள். டீச்சர் அவளைப் பக்கத்துப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

“நான் உங்களப் பத்தி எழுதல டீச்சர்,” என்றாள்.

“தெரியும்மா.”

“சத்தியமா ஃபேன்தான்.”

“தெரியும்.” டீச்சர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். பிறகு, ஏழு வாரத்தில் ஒருவரிடமும் கேட்காத ஒரு கேள்வியை, பதில் தெரியாமலே கேட்டார். “ஒருவேளை என்னப் பத்தி எழுதியிருந்தா, அதுல எந்த வரிய மாத்தியிருப்ப?”

இல்லை டீச்சர், அப்படியெல்லாம் எழுதியிருக்கவே மாட்டேன் என்று அவள் சொல்லிவிடுவாள் என்று டீச்சர் எதிர்பார்த்தார். சொல்லிவிட்டால் நிம்மதியாக இருக்கும் என்றும் நினைத்தார். ஆனால் அவள் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறவள். கேட்ட கேள்வியை நியாயமாக எடுத்துக்கொண்டாள். விரலை மடக்கி மடக்கி, உதடு அசைய, எட்டு வரியையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“கடைசி ரெண்டு வரியும் எடுத்திருப்பேன் டீச்சர்,” என்றாள். “உங்களப் பத்தி நாங்க யாரும் புகார் சொன்னதே இல்ல.”

“மத்த வரியெல்லாம்?”

அவள் இன்னொரு முறை யோசித்தாள்.

“மத்ததெல்லாம் இருக்கட்டும் டீச்சர்.”